கடை வெளிச்சத்தில் ஒரு முகம்

பாரிஸின் ஷான்ஸ்-எலிஸே சாலையில் இரவு நேரத்தில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். காதலனைத் தேடி ஒவ்வொரு மதுக்கடையாக எட்டிப் பார்க்கிறாள். அவளுக்காக அவள் கணவனைச் சுட்டுக் கொன்றவன் அவன். காவலாளி மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனதால் அலுவலக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறான். அவளுக்கு அது தெரியாது. தன்னை விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று நினைக்கிறாள். கார்கள் வருவதைக்கூடப் பார்க்காமல் சாலையைக் கடக்கிறாள். பின்னணியில் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் ஒலிக்கிறது.

இந்தக் காட்சிக்காகச் சாலையில் விளக்கு எதுவும் கட்டவில்லை. ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்கே குறைந்த வெளிச்சத்திலும் பதியக்கூடிய வேகமான ஃபிலிமைப் போட்டு, கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டி ஒன்றில் வைத்து எடுத்தார். கடைகளின் கண்ணாடி முகப்புகளிலிருந்து வழிந்த வெளிச்சம்தான் நடிகையின் முகத்தில் விழுந்தது. ஒப்பனையும் ஏறக்குறைய இல்லை. ஃபிலிமைக் கழுவிய லேப்காரர்கள் பதறிப்போய்த் தயாரிப்பாளரிடம் முறையிட்டார்கள்: மாலும் தெக்கேயும் சேர்ந்து அந்த அம்மாளின் முகத்தையே பாழாக்குகிறார்கள், தடுத்து நிறுத்துங்கள் என்று. பல ஆண்டுகள் கழித்து இயக்குநர் லூயி மால் இதை ரசித்துச் சொல்லியிருக்கிறார்.

படம் 'தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட்'. எடுத்தது 1957-இல், வெளிவந்தது 1958 ஜனவரியில். நடிகை ழான் மொரோ. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த நடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை, அடுத்து வரும் வாக்கியம்தான் இடிக்கிறது. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஓர் இயக்குநர் ஒரு நடிகையின் அரிதாரத்தைக் கழுவி அவரைக் 'கண்டுபிடித்தார்' என்பார்கள். பிரெஞ்சுப் புதிய அலையின் வரலாறே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இயக்குநர்கள் படைத்தார்கள், நடிகைகள் படைக்கப்பட்டார்கள். மொரோவின் அறுபதாண்டுத் தொழில் வாழ்க்கையைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை.

1928 ஜனவரி 23 அன்று பாரிஸில் பிறந்தவர் மொரோ. அப்பா மோன்மார்த் பகுதியில் உணவு விடுதி நடத்திய பிரெஞ்சுக்காரர். அம்மா இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓல்டம் என்ற ஆலை நகரத்துப் பெண். டில்லர் கேர்ள்ஸ் நடனக்குழுவோடு பாரிஸுக்கு வந்து ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ஆடியவர். வீட்டில் இரண்டு மொழி. பின்னாளில் மொரோ ஆங்கிலப் படங்களில் இடறாமல் பேசியதற்கு அம்மாதான் காரணம். ஆனால் 1940-இல் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்ததும் அதே அம்மா 'எதிரி நாட்டவர்' ஆகிவிட்டார். குறித்த நாளில் தவறாமல் போய் ஜெர்மன் அதிகாரிகள் முன் நிற்கவேண்டியிருந்தது. போர் முடிந்ததும் பெற்றோர் பிரிந்தார்கள். அம்மா தங்கையை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார். மூத்தவள் அப்பாவோடு தங்கிவிட்டாள்.

1944-இல் ஆக்கிரமிப்பு இன்னும் முடியாத பாரிஸில் ழான் அனூயியின் 'ஆன்டிகனி' மேடையேறியது. அரச ஆணையை மீறி அண்ணனைப் புதைக்கப் போகும் பெண்ணின் கதை. பள்ளிக்குப் போகாமல் ஏமாற்றிவிட்டு அந்த நாடகத்தைப் பார்க்கப் போனவளுக்கு, இருட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தோடு தானும் உட்கார்ந்திருக்கக் கூடாது, மேடையில் இருக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. அப்பாவோ நடிகை என்றால் நடத்தை கெட்டவள் என்று எண்ணிய தலைமுறை. அவருக்குத் தெரியாமல்தான் பயிற்சி தொடங்கியது. பிறகு அரசின் நாடகக் கல்லூரி. 1947-இல் அவிஞ்ஞோன் நாடக விழா முதன்முதலாக நடந்தபோது சின்ன வேடங்களில் மேடையேறினார். இருபது வயதில் கொமெதி ஃப்ரான்சேஸ். மோலியேரின் மரபைத் தாங்கி நிற்கும் அந்த நாடக அரங்கில் அத்தனை இளம்வயதில் இடம் கிடைப்பது லேசில்லை.

நான்கு ஆண்டுகளில் அதையும் விட்டார். ஓய்வூதியம் வரைக்கும் உத்தரவாதமுள்ள வேலை அது. ழான் விலாரின் மக்கள் நாடக அரங்குக்குப் போய், 1951-இல் அவிஞ்ஞோனில் ஜெரார் ஃபிலிப்போடு 'ஹோம்பர்க் இளவரசன்' நாடகத்தில் நடித்தார். 1956 டிசம்பரில் பீட்டர் புரூக் டென்னஸி வில்லியம்ஸின் 'சூடான தகரக் கூரைமேல் பூனை' நாடகத்தைப் பாரிஸில் இயக்கியபோது நாயகி மேகி வேடம் மொரோவுக்கு. (மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக்கிய அதே புரூக்தான், அதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.) லூயி மால் அவரைத் தேடி வந்தது இந்த மேடைக்குத்தான்.

மால் 'கண்டுபிடித்த'போது மொரோவின் கணக்கில் பத்தாண்டு மேடையும் ஏறத்தாழ இருபது படங்களும் இருந்தன. பிரான்சின் முதல்தர நாடக நடிகைகளில் ஒருவர் என்ற பெயரும் இருந்தது. மாலின் கணக்கிலோ கடலாய்வாளர் கூஸ்தோவோடு சேர்ந்து எடுத்த 'மௌன உலகம்' என்ற கடலடி ஆவணப்படம் மட்டுமே. அது 1956-இல் கானில் தங்கப் பனை வாங்கியது உண்மை. ஆனால் மால் அதுவரை இயக்கியிருந்த நடிகர்களில் பெரும்பாலோர் மீன்கள். யாருடைய பெயரை நம்பி யார் படமெடுத்தார் என்பதை இங்கே யோசிக்கலாம்.

அந்த இருபது படங்கள் ஏன் மறந்துபோயின? 1950-களின் பிரெஞ்சு வணிகப் படங்களில் அழகு என்பதற்கு ஓர் அச்சு இருந்தது. மொரோவின் முகம் அதற்குள் அடங்கவில்லை. வாயின் இரு ஓரமும் கீழ்நோக்கி இறங்கும்; கண்ணுக்குக் கீழே எப்போதும் தூக்கம் கெட்டதுபோல் நிழல். ஒளிப்படத்துக்கு ஏற்ற முகமில்லை என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். எனவே கனத்த அரிதாரத்தைப் பூசி, நிழலே விழாதபடி விளக்கு வைத்து, அந்த முகத்திலிருந்து அந்த முகத்தையே ஒளித்தார்கள். வேடங்களும் அதற்கேற்றவைதான்: கொள்ளைக்காரனின் காதலி, வஞ்சகி, இரவு விடுதி ஆட்டக்காரி. ழாக் பெக்கரின் 'கொள்ளைப் பணத்தில் கை வைக்காதே' (1954) அவற்றில் நல்ல படம். அதிலும் மொரோவின் ஜோசி காட்டிக்கொடுப்பவள், ழான் கபேனிடம் அறை வாங்குபவள். அதற்குமேல் ஒன்றுமில்லை. மேடையில் மேகி, திரையில் ஜோசி: ஒரே நடிகைக்கு இரண்டு இடங்களில் இரண்டு மதிப்பு.

மாலின் பங்கைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் துணிச்சல் அவருடையது, தெக்கேயின் கைத்திறனும் அதில் உண்டு. ஆனால் வெளிச்சம் குறைந்தால் எல்லா முகமும் பேசிவிடாது. ஷான்ஸ்-எலிஸே நடையில் வசனம் கொஞ்சம்தான். மனத்துக்குள் பேசும் குரல் அங்கங்கே வருகிறது. கோபம், அவமானம், ஏக்கம், சந்தேகம் எல்லாம் நடையின் வேகத்திலும் உதட்டின் அசைவிலும்தான் இருக்கின்றன. மைல்ஸ் டேவிஸ் அந்தக் காட்சித் துண்டுகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபடியே 1957 டிசம்பரில் ஒரே இரவில் இசையமைத்தார். எழுதிவைத்த இசைக்குறிப்பு கிடையாது. நான்கு கலைஞர்களை வைத்துக்கொண்டு அங்கேயே வாசித்தது. அவர்கள் பார்த்து வாசித்தது மொரோவின் நடையை. அன்றிரவு ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைக்காரர்களுக்கு மது ஊற்றிக்கொடுத்தவரும் அவரே.

அதே 1958-இல் மாலோடு இரண்டாவது படம், 'காதலர்கள்'. தீஜோன் நகரத்துப் பத்திரிகை முதலாளியின் மனைவிக்குப் பாரிஸில் போலோ விளையாடும் பகட்டுக் காதலன் ஒருவன் இருக்கிறான். வழியில் கார் பழுதாகிறது. பழைய வண்டியில் வந்த ஓர் இளைஞன் ஏற்றிக்கொள்கிறான். அன்றிரவு அவன் அவள் வீட்டிலேயே விருந்தாளி. நிலா வெளிச்சம், பிராம்ஸ் இசை, தோட்டம், படகு. விடிந்ததும் கணவன், காதலன், மகள் மூவரையும் விட்டுவிட்டு இளைஞனோடு கிளம்பிவிடுகிறாள். வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது, பாதிரிமார் கண்டித்தார்கள்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து ஹைட்ஸ் நகரத்துத் திரையரங்கு மேலாளர் நிக்கோ ஜாக்கோபெல்லிஸுக்குப் படத்தைத் திரையிட்டதற்காக 2,500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தை அடைந்து 1964-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. ஆபாசத்துக்கு என்னால் வரையறை சொல்ல முடியாது, ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும், இந்தப் படம் அது இல்லை என்ற பொருளில் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதியது அமெரிக்கச் சட்ட உலகில் இன்றும் மேற்கோளாகச் சுற்றிவருகிறது. வழக்கறிஞர்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அதற்குப் பின்னால் ஒரு பிரெஞ்சு நடிகையின் முகம் இருப்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. காதல் காட்சியின் உச்சத்தில் மால் காட்டியது பெரும்பாலும் அந்த முகத்தைத்தான். தணிக்கைக்காரர்களைச் சீண்டியது உடல் அவ்வளவு இல்லை; ஒரு பெண்ணின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி. போதாக்குறைக்கு, வீட்டைவிட்டுப் போனவளுக்குப் படம் கடைசிவரை தண்டனையே கொடுக்கவில்லை. அந்தக் காலத்துப் படங்களில் இப்படிப்பட்ட பெண் விஷம் குடிக்கவேண்டும், அல்லது ரயில் முன் விழவேண்டும்.

இந்த இரண்டு படங்களும் த்ரூஃபோவின் 'நானூறு அடிகள்' (1959), கொதாரின் 'மூச்சுத் திணற' (1960) ஆகியவற்றுக்கு முந்தியவை. வரலாற்று நூல்கள் புதிய அலையை எண்ணத் தொடங்கும் தேதிக்கு முன்பே மொரோ அங்கே இருந்தார். அந்த இளம் இயக்குநர்களுக்கும் அது தெரியும். 'நானூறு அடிகள்' படத்தில், சிறுவன் இரவில் தெருவில் திரியும்போது ஒரு பெண் காணாமல்போன நாயைத் தேடிக்கொண்டு குறுக்கே வருகிறாள், அது மொரோ. கொதாரின் 'ஒரு பெண் பெண்ணே' (1961) படத்திலும் ஒரு நிமிடம் தலைகாட்டுகிறார். மதுக்கடையில் நிற்பவரிடம், ஜூலும் ஜிம்மும் எப்படிப் போகிறது என்று நடிகர் பெல்மொந்தோ கேட்க, 'மொதராத்தோ' என்று பதில் வருகிறது. அப்போது த்ரூஃபோவோடு எடுத்துக்கொண்டிருந்த படத்தையும் அதற்கு முன் பெல்மொந்தோவோடு நடித்திருந்த 'மொதராத்தோ கான்தாபிலே'யையும் முடிச்சுப்போட்ட வேடிக்கை.

அந்த 'மொதராத்தோ கான்தாபிலே' மார்கரித் துராஸின் நாவல். பீட்டர் புரூக் இயக்கியது. 1960-இல் கான் விழாவின் சிறந்த நடிகை விருதை மொரோவுக்குப் பெற்றுத்தந்தது. மெலினா மெர்கூரியோடு பகிர்ந்துகொண்டார். படப்பிடிப்பு நடந்த நாட்கள் கொடுமையானவை. பெல்மொந்தோ ஓட்டிய கார் விபத்தில் சிக்க, உள்ளே இருந்த மொரோவின் பத்து வயது மகன் ழெரோம் பல நாள் நினைவின்றிக் கிடந்து பிழைத்தான். இயக்குநர் ழான்-லூயி ரிஷாரை 1949-இல் மணந்து பெற்ற ஒரே பிள்ளை. தாய்மை தன்னை முழுதாக ஆட்கொண்டதில்லை என்பதை மொரோ பின்னாளில் மறைக்காமல் பேசினார். நடிகைகள் பேட்டிகளில் இப்படிப் பேசுவதில்லை. அன்றும் இல்லை, இன்றும் குறைவு.

'ஜூலும் ஜிம்மும்' (1962) படத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும். ஆன்ரி-பியர் ரோஷே தன் இளமைக் கதையை எழுபத்து நான்கு வயதில் நாவலாக வெளியிட்டார். நண்பர்கள் இருவர், அவர்கள் காதலித்த ஒருத்தி. பழைய புத்தகக் குவியலில் அதைக் கண்டெடுத்த த்ரூஃபோ, படமாக்கும் எண்ணத்தோடு மொரோவின் படங்களைக் கிழவருக்கு அனுப்பினார். இந்தப் பெண்ணைப் பார்க்க ஆசை என்ற பொருளில் ரோஷே பதில் எழுதினார். சில நாட்களில், 1959 ஏப்ரலில், இறந்துபோனார். கையில் காசில்லாத படம். மொரோ கூலிக்கு வந்த நடிகையாக மட்டும் இருக்கவில்லை. பணம் திரட்ட உதவினார், படப்பிடிப்புக் குழுவுக்குச் சமைத்தும் போட்டார். சேன் நதியில் குதிக்கும் காட்சிக்கு அமர்த்திய டூப் குடித்துவிட்டு வந்ததால் தானே குதித்தார். நதியின் அழுக்குத் தண்ணீர் தொண்டையைக் கட்டியது.

படத்தின் நடுவே 'சுழல்' என்ற பாட்டு வருகிறது. எழுதியவர் நண்பர் செர்ஜ் ரெஸ்வானி, பசியாக் என்ற புனைபெயரில். மொரோவும் ரிஷாரும் சேர்ந்தும் பிரிந்தும் வாழ்ந்ததைக் கிண்டலாகப் பார்த்துப் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டிய பாட்டு அது. படத்தில் ரெஸ்வானியே கிதார் வாசிக்கிறார். பாடல் அங்கேயே நேரடியாகப் பதிவானது. ஓரிடத்தில் மொரோ சரணங்களை மாற்றிப் பாடிவிடுகிறார். உடனே கையால் 'அட, மாறிப்போச்சு' என்பதுபோல் ஒரு சைகை. த்ரூஃபோ அந்தப் பதிவைத்தான் வைத்துக்கொண்டார். அறுபது ஆண்டுகளாக உலகம் ரசித்துவரும் ஒரு காட்சியின் உயிர் ஒரு தவறில் இருக்கிறது. அந்தத் தவறை இயக்குநர் எழுதவில்லை. தூக்கி எறியாமல் இருந்தது அவருடைய புத்தி.

காத்ரீன் என்ற அந்தப் பாத்திரம் நிஜத்தில் ஹெலன் ஹெஸ்ஸல் என்ற ஜெர்மானியப் பெண். அவர் உயிரோடு இருந்து படத்தைப் பார்த்தார். 2010-இல் 'சினம் கொள்ளுங்கள்' என்ற சிறு நூலால் உலகப் புகழ் பெற்ற ஸ்தெஃபான் ஹெஸ்ஸலின் தாய் அவர். நிஜ ஹெலன் 1982 வரை வாழ்ந்தார். நாவலிலும் படத்திலும் காத்ரீன், ஜிம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு உடைந்த பாலத்திலிருந்து நீருக்குள் ஓட்டிவிடுகிறாள். மொரோவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'சுதந்திரப் பெண்' பிம்பத்தில் இது ஒரு முள். ஆண்கள் எழுதிய கதையில் அவள் எவ்வளவு சிரித்தாலும் ஓடினாலும் முடிவு அவர்கள் கையில் இருந்தது. 1968-இல் த்ரூஃபோ அவரை வைத்து எடுத்த 'மணப்பெண் கறுப்பு உடுத்தியிருந்தாள்' படத்திலும் ஐந்து ஆண்களைப் பழிவாங்கும் கதாநாயகிக்குப் பழி தவிர வேறு உள்வாழ்க்கை கிடையாது. த்ரூஃபோவுக்கே அந்தப் படத்தில் நிறைவில்லை.

இந்த இடத்தில் அன்டோனியோனியின் 'இரவு' (1961) மேலானது என்று சொல்லத் தோன்றுகிறது. மிலான் நகரம். எழுத்தாளனின் மனைவி லிதியா, புத்தக வெளியீட்டு விருந்திலிருந்து நழுவி நகரத்தில் நடக்கிறாள். மதிய வெயில், வெற்றுச் சுவர்கள், சண்டை போடும் விடலைகள், வானத்தில் ஏவப்படும் வாண ராக்கெட்டுகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் நடந்தவளுக்குத் தேட ஒருவன் இருந்தான். லிதியாவுக்கு அதுவும் இல்லை. இரண்டு நடைகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கவேண்டும். முதலாவதில் தோள் முன்னால் சாய்ந்திருக்கும். இதில் கால்கள் எங்கே போவதென்று தெரியாமல் போகும். சுவரிலிருந்து உரியும் சுண்ணாம்பை ஓரிடத்தில் விரலால் பெயர்க்கிறாள். ஒரு திருமணம் முடிந்துவிட்டது என்பதை வேறெப்படிக் காட்டுவது? அந்தப் படம் பெர்லினில் தங்கக் கரடி பெற்றது.

மொரோவின் நடையை இன்னொரு மேதையும் கவனித்தார். லூயிஸ் புனுவல் 1964-இல் 'ஒரு பணிப்பெண்ணின் நாட்குறிப்பு' எடுத்தார். பெண்களின் நடைமேல் தனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு என்று தன் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொள்ளும் அவர், குதிகால் உயர்ந்த செருப்பில் மொரோ நடக்கையில் பாதம் லேசாக நடுங்குவதையும் அந்த நடுக்கம் ஒரு பதற்றத்தை உண்டாக்குவதையும் குறிப்பிடுகிறார். இந்தக் கட்டுரையின் வழக்குக்கு அதைவிட முக்கியமான சாட்சியமும் அங்கேயே இருக்கிறது. படப்பிடிப்பில் தான் மொரோவைப் பின்தொடர்ந்துபோனதாகவும், பாத்திரத்தைப் பற்றித் தான் நினைத்தே பார்த்திராதவற்றை அவரிடமிருந்து கற்றதாகவும் புனுவல் சொல்கிறார். யாருக்கும் சலுகை காட்டிப் பேசும் ஆள் இல்லை அவர்.

1958-இலிருந்து 1968 வரை அவர் வேலை செய்த இயக்குநர்களின் பெயர்களே ஐரோப்பியத் திரைப்படக் கல்லூரியின் பாடத்திட்டம்போல் இருக்கும்: மால், த்ரூஃபோ, அன்டோனியோனி, புனுவல், தெமி, லோசி, வெல்ஸ். ழாக் தெமியின் 'தேவதைகள் விரிகுடா'வில் (1963) தலைமுடியை வெள்ளிநிறமாக்கிக்கொண்டு, சூதாட்ட மேசையைவிட்டு எழ முடியாத ஜாக்கியாக வந்தது மேற்சொன்ன எல்லாவற்றையும்விட அபாயகரமான நடிப்பு. அனுதாபம் கேட்காத பாத்திரம். மொரோ கேட்கவும் இல்லை. ஆர்சன் வெல்ஸ் மூன்று படங்களில் அவரை நடிக்கவைத்தார்: 'விசாரணை', 'நள்ளிரவு மணியோசை', 'அழியாத கதை'. முடிக்காமலே போன நான்காவது ஒன்றும் உண்டு. உலகின் மிகச் சிறந்த நடிகை மொரோதான் என்று வெல்ஸ் சொன்னதாகச் சொல்வார்கள். பணமில்லாமல் ஊர் ஊராக அலைந்து படமெடுத்த வெல்ஸுக்கு, கூப்பிட்டால் வரும் நட்சத்திரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

எல்லாம் வெற்றி இல்லை. 'மாதா ஹரி' (1964) எடுபடவில்லை. டோனி ரிச்சர்ட்ஸனின் 'மத்மசேல்' (1966) கானில் கேலிக்கு ஆளானது. ஹாலிவுட்டில் லீ மார்வினோடு நடித்த 'மான்டி வால்ஷ்' (1970) கண்ணியமான படம், ஆனால் அங்கே அவருக்கு இடம் உண்டாகவில்லை. பிரிஜித் பார்தோவோடு மெக்ஸிகோவில் எடுத்த 'விவா மரியா!' (1965) மட்டும் கொண்டாட்டம். அதற்காக பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது. பார்தோ அவரைவிட ஆறு வயது இளையவர், 1973-இல் நடிப்பையே விட்டுவிட்டார். நாற்பதைத் தாண்டிய நடிகைக்குத் திரையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு பார்தோ கண்ட விடை வெளியேறுவது. மொரோ வேறு வழிகளைத் தேடினார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இன்னொரு முடிவும் எடுத்தார். 1971 ஏப்ரல் 5 அன்று 'நூவெல் ஒப்செர்வாத்தர்' இதழில், தாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டதாக 343 பெண்கள் பகிரங்கமாகக் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. எழுதியவர் சிமோன் த பொவ்வார். கையெழுத்திட்டவர்களில் துராஸ், சகான், தெனவ் ஆகியோரோடு மொரோவும் உண்டு. கருக்கலைப்பு அன்றைய பிரான்சில் குற்றம். கையெழுத்து என்பது ஒப்புதல் வாக்குமூலம். 1975-இல் சட்டம் மாறியது.

1976-இல் மொரோ கேமராவுக்குப் பின்னால் போனார். தானே எழுதி, இயக்கி, நடித்த 'லூமியேர்' நான்கு நடிகைகளின் நட்பைப் பற்றியது. இசை ஆஸ்தோர் பியாசோலா. பெண்கள் கட்டிலில் சாய்ந்தபடி வேலை, காதல், வயது பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கதை என்று இழுத்துப்போகும் சரடு இல்லை, அங்கங்கே தொய்கிறது. ஆனால் நடிகைகள் ஒருவரையொருவர் போட்டியாகப் பார்க்காத படம் அதற்கு முன் எத்தனை வந்திருக்கும்? 1979-இல் 'வளரிளம்பெண்'. 1939-ஆம் ஆண்டுக் கோடை, போர் வருமுன் கடைசி விடுமுறை, கிராமத்துப் பாட்டி வீட்டில் ஒரு சிறுமி. பாட்டியாக சிமோன் சின்யோரே. மௌனப்பட நடிகை லிலியன் கிஷ்ஷைப் பேட்டி கண்டு எடுத்த ஆவணப்படம் மூன்றாவது. மூன்றுக்கும் அன்று கிடைத்த வரவேற்பு சுமார்தான். பல ஆண்டுகள் பார்க்கவே கிடைக்காமல் இருந்த அவை அவருடைய மறைவுக்குப் பின் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்திருக்கின்றன. இயக்குநர்கள் படைத்த நடிகை என்ற பழைய வாக்கியம் ஏன் அவ்வளவு காலம் நின்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மறுத்துப் பேசும் படங்கள் பெட்டிக்குள் கிடந்தன.

பிற்காலத்தில் குரல் முன்னுக்கு வந்தது. சிகரெட்டால் தடித்த, கொஞ்சம் கரகரத்த குரல். துராஸ் எழுதிய 'இந்தியா பாட்டு'க்கு மொரோ கொடுத்த குரல் பிரான்சில் புகழ்பெற்றது. அதே பெயரிலான, கல்கத்தாவைப் பற்றிய துராஸின் படத்தில் கல்கத்தாவே இல்லை, முழுக்கப் பிரான்சில் எடுத்தது என்பது வேறு கதை. 1992-இல் துராஸின் 'காதலன்' படமானபோது முதிய துராஸாக நினைவுகூரும் குரல் மொரோவுடையது. 2001-இல் ஒரு படத்தில் துராஸாகவே நடித்தார். மேடையிலோ 1986-இல் 'பணிப்பெண் செர்லீனின் கதை' என்ற நாடகத்தில், ஆப்பிளைத் தோல்சீவியபடி ஒரு வேலைக்காரக் கிழவி தன் வாழ்க்கையைச் சொல்லும் வேடம். பிரான்சின் மோலியேர் விருது அதற்கு வந்தது.

'கடலில் நடந்த கிழவி' என்ற படத்தில் வயதான மோசடிக்காரியாக நடித்ததற்கு 1992-இல் சிறந்த நடிகைக்கான செசார் விருது கிடைத்தது. வயது அறுபத்து நான்கு. போட்டிப் பிரிவில் அவர் வென்ற ஒரே செசார் அதுதான். தோலில் கத்தி வைத்துக்கொள்ள மறுத்த முகம் என்று பத்திரிகைகள் அவரை அடிக்கடி பாராட்டின. பாராட்டுதான், ஆனால் ஆண் நடிகர்களின் சுருக்கங்களை யாரும் இப்படி எழுதுவதில்லை. கான் விழாவின் நடுவர் குழுவுக்கு 1975, 1995 என இருமுறை தலைமை வகித்தவர் அவர். 2000-இல் பிரெஞ்சு நுண்கலை அகாதமி தேர்ந்தெடுத்த முதல் பெண்ணும் அவரே. 2001-இல் அங்கே வரவேற்புரை நிகழ்த்தியவர் ஒருகாலத்தில் காதலராக இருந்த ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்தான். 2005-இல் ஆன்ஜே நகரத்தில் இளம் இயக்குநர்களுக்கான பயிலரங்கு ஒன்றைத் தொடங்கினார். முதல் படம் எடுக்கப் போகிறவர்களுக்கான இடம். முதல் படம் எடுத்தவர்களோடு அவருக்கிருந்த பழக்கம் பழையது.

2017 ஜூலை 31 அன்று பாரிஸ் வீட்டில் காலமானார். எண்பத்தொன்பது வயது. மோன்மார்த் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

கடைசி ஆண்டுகளின் படங்களில் ஒன்று 'பாரிஸில் ஓர் எஸ்தோனியப் பெண்' (2012). மொரோ அதில் ஃப்ரீதா, இளமையில் எஸ்தோனியாவிலிருந்து வந்து பாரிஸில் பணக்காரியாக முதிர்ந்துவிட்ட சிடுமூஞ்சி. அவரைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஆன் என்ற நடுத்தர வயதுப் பெண் வருகிறாள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய குரோசானைக் காலை உணவுக்கு வைத்ததற்கு அவளுக்கு வசவு விழுகிறது. ராத்திரி, கிழவி தூங்கியதும் ஆன் மேலங்கியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள்; மூடிய கடைகளின் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டே தனியாக நடக்கிறாள். ஷான்ஸ்-எலிஸேயில் மொரோ நடந்து ஐம்பத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது. இந்தமுறை அவர் வீட்டில் இருக்கிறார். காலையில், அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்ல குரோசான் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்க.